உர மூட்டையா, வட்டமா, வாய்ப்பாடா: வேலன்ஸ் எலெக்ட்ரானை எங்கிருந்து தொடங்குவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் கடை வரிசை ஒன்றின் மாடியில் சனிக்கிழமைதோறும் படிவம் நான்கு பிள்ளைகளுக்கு வேதியியல் டியூசன் எடுக்கிறேன். பன்னிரண்டு பேர் வருகிறார்கள். பாதிப்பேர் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிப் பிள்ளைகள், மீதிப்பேர் சுற்றுத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் அப்பாவோ அண்ணனோ கொண்டுவந்து விடுகிற பிள்ளைகள். போன வருடம் தனிம அட்டவணைப் பாடத்தில் அவர்களில் ஒருவன் கேட்ட கேள்வி என்னை மடக்கிவிட்டது.

“டீச்சர், பொட்டாசியம் தண்ணியில பட்டா தீப்பிடிக்கும்னு சொல்றீங்க. எங்கப்பா தோட்டத்துல பொட்டாசியம் உரம்தான் போடுறாரு. பாதியில மழை வந்துரும், நனைஞ்சுகிட்டே போடுவாரு. அவரு கையில ஏன் பத்திக்கல?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் “பொட்டாசியத்துக்கு எத்தனை வேலன்ஸ் எலெக்ட்ரான்?” என்று கேட்டு, பன்னிரண்டு பேரிடமும் “ஒன்று” என்ற சரியான விடையை வாங்கி, மனசுக்குள் என்னை நானே தட்டிக்கொடுத்திருந்தேன். விடை சரி. அணுவின் வெளிக்கூட்டில் நிற்கிற அந்த ஒன்று என்ன வேலை பார்க்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

இந்த வருடம் பாடம் தொடங்குவதற்கு முன், இதைச் சொல்லித்தர இருக்கிற வழிகளை வரிசையாக எடுத்து, அந்தப் பையனின் கேள்வியை ஒவ்வொன்றிடமும் கேட்டுப் பார்த்தேன். டியூசன் நடத்துகிறவர்களுக்கும், வீட்டில் பிள்ளையோடு உட்காருகிற அம்மா அப்பாக்களுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு இடைநிலைப் பள்ளியில் மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாறுகிறவர்கள். தனிம அட்டவணையில் மேலிருந்து கீழாக நிற்கிற தொகுதிக்கு மலாயில் கும்புலான். இடமிருந்து வலமாக ஓடுகிற வரிசைக்குக் காலா. இரண்டையும் மாற்றிப்போட்டு மதிப்பெண் விடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. நான் சொல்லிக்கொடுப்பது: கும்பல் நிற்கும், காலம் ஓடும். ஒலியை வைத்துக் கட்டிய கொக்கிதான், ஆனாலும் அதற்கப்புறம் யாரும் மாற்றிப்போட்டதில்லை. எலெக்ட்ரான்கள் அடுக்கடுக்காக இருக்கிற கூட்டுக்குப் பெத்தாலா. வெளிக்கூட்டில் இருப்பவைதான் வேலன்ஸ் எலெக்ட்ரான்கள். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இணைதிறன் எலக்ட்ரான் என்று வரும்.

முதல் வழி வாய்ப்பாடு. தொகுதி 1, 2 என்றால் வேலன்ஸ் எலெக்ட்ரானும் அதே எண். தொகுதி 13 முதல் 18 வரை என்றால் பத்தைக் கழி. அலுமினியம் 13ல் இருக்கிறது, எனவே 3. குளோரின் 17, எனவே 7. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். பிள்ளைகளுக்கும் பிடிக்கும், அட்டவணையைப் பார்த்தால் போதும், யோசிக்க வேண்டியதில்லை. பொட்டாசியத்தின் வாய்ப்பாட்டு விடை 1. மழையில் நனைகிற அப்பாவைப் பற்றி வாய்ப்பாட்டுக்கு ஒன்றுமே தெரியாது.

அது போக, இந்த வாய்ப்பாடு மூன்று இடத்தில் காலை வாரும். ஹீலியம் தொகுதி 18ல் நிற்கிறது. பத்தைக் கழித்தால் எட்டு. ஹீலியத்திடம் இருப்பதே மொத்தம் இரண்டு எலெக்ட்ரான். அடுத்தது அயனி, அதாவது எலெக்ட்ரானைக் கொடுத்த அல்லது வாங்கிய அணு. பொட்டாசியம் அயனியின் எலெக்ட்ரான் அமைப்பு 2.8.8 என்று கொடுத்து எந்தத் தனிமம் என்று கேட்டால், வாய்ப்பாட்டுப் பிள்ளை கடைசி எட்டோடு பத்தைக் கூட்டி “தொகுதி 18, ஆர்கான்” என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். மூன்றாவது, நடுவில் இருக்கிற 3 முதல் 12 வரையான மாறுநிலைத் தனிமங்கள். அங்கே இந்தக் கணக்கு எடுபடாது. பிள்ளைகள் இரும்புக்கும் போட்டுப் பார்ப்பார்கள்.

இங்கேயே சுவர் அட்டவணை பற்றியும் சொல்ல வேண்டும். போன வருடம் ஒருவர் தன் மகளின் பழைய அட்டவணையை வகுப்புக்கென்று கொடுத்தார். நல்ல கனமான தாள், நல்ல மனசு. அதில் தொகுதிகள் 1ஏ, 2ஏ என்று தொடங்கி 8ஏ வரை போயின. பத்தைக் கழிக்கிற வேலையே இல்லை, 7ஏ என்றால் நேராக ஏழு. அதையே மாட்டிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஆனால் அந்த ஏ, பி எழுத்துகளுக்கு ஒரு குழப்பக் கதை உண்டு. அமெரிக்க வழக்கத்தில் 3ஏ என்றால் போரான் குடும்பம். ஐரோப்பிய வழக்கத்தில் அதே 3ஏ ஸ்காண்டியம் குடும்பம். ஒரே பெயர், இரண்டு வீடு. அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1988ல் 1 முதல் 18 வரை நேராக எண்ணச் சொன்னது. நம் பாடப்புத்தகமும் அதைத்தான் பின்பற்றுகிறது. பழைய அட்டவணையைச் சுருட்டி அலமாரி மேல் வைத்துவிட்டேன். பத்தைக் கழிக்கிற சின்னத் தொல்லை, தேர்வில் வேறொரு அட்டவணையைப் பார்த்து முழிப்பதைவிட மேல்.

அடுத்த வழி எலெக்ட்ரான் பேச்சையே எடுக்காமல் குணத்திலிருந்து தொடங்குவது. ஆரம்பத்தில் என் மனசு இதில்தான் இருந்தது. வரலாறும் இதன் பக்கம்தான். மெண்டலீவ் தன் அட்டவணையை வெளியிட்டது 1869ல். தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டது 1897ல். நடுவில் 28 வருடம், தொகுதிகள் எல்லாம் எலெக்ட்ரான் என்ற சொல்லே தேவைப்படாமல் சரியாக நின்றுகொண்டிருந்தன. டெல்லூரியம் அயோடினைவிடக் கனமானது. எடைப்படி பார்த்தால் அயோடின்தான் முன்னால் வரவேண்டும். மெண்டலீவ் எடையை ஒதுக்கிவிட்டு, குணத்தில் இது குளோரின், புரோமின் வீட்டுப் பிள்ளை என்று அயோடினை அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். அது ஏன் சரி என்பது, தனிமங்களை வரிசைப்படுத்துவது அணு எண்தான் என்று 1913ல் மோஸ்லி காட்டிய பிறகே விளங்கியது. மெண்டலீவ் அலுமினியத்துக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, இப்படி ஒன்று வரும் என்று சொல்லியும் வைத்தார். 1875ல் காலியம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது.

தோட்டப்புறத்தில் குணத்துக்கு என்ன பஞ்சம்? செம்பனைக்குப் போடுகிற உரங்களைச் சொன்னாலே அட்டவணையில் பாதித் தூரம் நடந்துவிடலாம். எம்ஓபி என்றால் பொட்டாசியம், தொகுதி 1. கீசரைட் என்றால் மெக்னீசியம், தொகுதி 2. இளங்குருத்து கொக்கி மாதிரி வளைந்தால் போடுவது போரேட், போரான், தொகுதி 13. யூரியாவின் நைட்ரஜனும் பாறைப் பாஸ்பேட்டின் பாஸ்பரஸும் தொகுதி 15. பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்பில் கால்சியம். நான் கேட்பதற்கு முன்னால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது, அந்தப் பையன் போய் மாட்டிக்கொண்டதும் அதில்தான். மூட்டையில் இருப்பது பொட்டாசிய உலோகம் அல்ல. எம்ஓபி என்பது பொட்டாசியம் குளோரைடு, உப்பு. கனடா போன்ற நாடுகளில் நிலத்தடி உப்புப் படிவத்திலிருந்து வெட்டி எடுப்பது. சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம் கொஞ்சம் இரும்பு ஆக்சைடு கலந்திருப்பது. மூட்டையில் 60 என்று அச்சிட்டிருக்கும். அது பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்குப் போட்ட சதவீதம். உள்ளே ஆக்சைடு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது, உரக்காரர்களின் பழைய கணக்கு வழக்கம் அது. ஆக, மூட்டையைக் காட்டி “இதுதான் பொட்டாசியம், தொகுதி 1” என்று சொல்கிற டீச்சர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு பொய்யைச் சொல்கிறார். உப்பில் சோடியம், குழாய்த் தண்ணீரில் குளோரின், பற்பசையில் ஃபுளோரைடு என்று வீட்டுச் சாமான்களை அடுக்குகிற பாடம் எல்லாவற்றிலும் இந்த ஓட்டை உண்டு. வீட்டில் கிடைப்பது பெரும்பாலும் எலெக்ட்ரானைக் கொடுத்து முடித்த, வாங்கி முடித்த ஆட்கள். தொகுதியின் குணம் தெரிவது கொடுப்பதற்கு முன்னால்.

எனவே மூட்டையைச் சாட்சியாகக் கொண்டுவரக் கூடாது, கேள்வியாகக் கொண்டுவரலாம் என்று முடிவு செய்தேன். விடைக்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழி வட்டம் போடுவது. புத்தகத்தில் சுசுனான் எலெக்ட்ரான் என்று வருகிற அதே 2.8.8. பல டியூசன்களில் இதைத் தாளில் போடச் சொல்லி, பிள்ளைகள் கவராயம் தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். போன வருடம் அந்தக் கேள்விக்கு அப்புறம் நான் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டு, எலெக்ட்ரானுக்குப் பதில் சிவப்புச் சாகா மர விதை வைத்தேன். சோங்காக் என்கிற பல்லாங்குழி விளையாடிய கைகள், விதை எண்ணுவதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்வட்டத்தில் இரண்டு, அடுத்ததில் எட்டு, அதற்கடுத்ததில் எட்டு, கடைசி வட்டத்தில் ஒன்று. மொத்தம் பத்தொன்பது. பொட்டாசியம்.

கடைசி வட்டத்தில் தனியாகக் கிடக்கிற அந்த ஒற்றை விதையைப் பார்த்ததும் ஒரு பிள்ளை சொன்னாள்: “பாவம் டீச்சர், இது மட்டும் வாசல்ல நிக்குது.” அதுதான் வேலன்ஸ் எலெக்ட்ரான் என்றேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பக்கத்தில் குளோரினை வைத்தோம், 2.8.7. பொட்டாசியத்தின் ஒற்றை விதையை எடுத்துக் குளோரினின் வெளிவட்டத்தில் போடச் சொன்னேன். இப்போது இரண்டு பக்கமும் 2.8.8. இரண்டு பக்கமும் பதினெட்டு விதை, ஆர்கானிடம் இருக்கிற அதே எண்ணிக்கை. அப்படியானால் இது ஆர்கான் ஆகிவிட்டதா என்று உடனே கேட்டார்கள். நடுவில் எழுதியிருந்த புரோட்டான் எண்ணைப் பார்க்கச் சொன்னேன். ஒன்றில் 19, இன்னொன்றில் 17. பெயரை முடிவு செய்வது அந்த எண், விதைகள் அல்ல. வாய்ப்பாட்டுப் பிள்ளை ஆர்கான் என்று எழுதிய தவறு இந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது.

அப்பாவின் கை ஏன் பத்திக்கொள்ளவில்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது. தண்ணீரோடு சண்டை போடுவது அந்த வாசல் எலெக்ட்ரான்தான். உலோகப் பொட்டாசியம் அதைத் தண்ணீரிடம் கொடுத்து ஹைட்ரஜனை வெளியே தள்ளுகிறது. அப்போது எழுகிற சூட்டில் ஹைட்ரஜன் பற்றிக்கொண்டு ஊதா நிறச் சுடர் தெரிகிறது. மூட்டையில் இருக்கிற பொட்டாசியம் அந்த எலெக்ட்ரானை எப்போதோ கொடுத்துவிட்டது. கொடுக்க அதனிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை, எனவே மழையில் பேசாமல் கரைகிறது. கொடுத்ததைத் திரும்ப அதன் கையில் வைப்பது லேசில்லை. 1807ல் ஹம்ப்ரி டேவி உருக்கிய பொட்டாஷில் மின்சாரத்தைச் செலுத்தித்தான் முதன்முதலாகப் பொட்டாசிய உலோகத்தைப் பிரித்தார்.

வட்டம் இன்னொன்றையும் காட்டும், வாய்ப்பாடு காட்டாதது. லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒற்றை விதை ஒவ்வொரு முறையும் ஒரு வட்டம் தள்ளிப் போவது தெரியும். கருவிலிருந்து தூரம், நடுவில் மறைக்கிற கூட்டமும் அதிகம், எனவே பிடி தளர்கிறது. அந்த எலெக்ட்ரானைப் பிடுங்க ஆகும் ஆற்றல் ஒரு மோலுக்கு லித்தியத்தில் 520 கிலோஜூல், சோடியத்தில் 496, பொட்டாசியத்தில் 419. எண்களைப் பலகையில் எழுதியதும் பின்வரிசைப் பையன் ஒருவன் “அதான் கீழ போகப் போகக் கோபம் கூடுதா” என்றான். தொகுதி 17ல் அதே காரணம் தலைகீழாக வேலை செய்யும். அங்கே வேலை, எலெக்ட்ரானை வாங்குவது. வெளிக்கூடு தூரமாகப் போகப் போக வாங்குகிற வலு குறையும். எனவே மேலே இருக்கிற ஃபுளோரின்தான் முரடு, அயோடின் சாது. இரண்டு தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்துகொண்டிருந்ததை ஒரே காரணமாகப் பார்க்க முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. முதலாவது நேரம். இருபது தனிமத்தையும் தரையில் போட்டு முடிக்க இரண்டு சனிக்கிழமை போனது. அதற்குள் பள்ளியில் பாடம் எங்களைத் தாண்டிவிட்டது, இரண்டு வீட்டிலிருந்து “இன்னும் கோலம்தான் போட்டுக்கிட்டிருக்கீங்களா டீச்சர்?” என்று வாட்சப்பில் கேட்டுவிட்டார்கள். இரண்டாவது, வட்டம் கால்சியத்தோடு நின்றுவிடும். மூன்றாவது கூட்டில் பதினெட்டு வரை இடம் உண்டு என்று படித்த பிள்ளை, பொட்டாசியத்தில் எட்டு வைத்துவிட்டு ஏன் அடுத்த கூட்டுக்குத் தாவுகிறோம் என்று கேட்கும். நியாயமான கேள்வி. வட்டத்திடம் அதற்கு விடை கிடையாது.

விடை இருப்பது கூட்டுக்குள் இருக்கிற எஸ், பி, டி, எஃப் என்கிற உட்பிரிவுகளின் கணக்கில், அதாவது ஆர்பிட்டால் கணக்கில். பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் நான்காம் கூட்டின் எஸ், மூன்றாம் கூட்டின் டியைவிட ஆற்றலில் தாழ்ந்திருக்கிறது, அதனால் அது முதலில் நிரம்புகிறது. படிவம் ஆறுக்கோ மெட்ரிகுலேஷனுக்கோ போகிறவர்கள் இதை எப்படியும் படிப்பார்கள். படிவம் நான்கில் இதிலிருந்து தொடங்குவது, நடக்கப் பழகும் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தருகிற கதை. ஆனால் ஓர் அழகு மட்டும் சொல்லிவிடுகிறேன். நடுத்தொகுதிகளில் டி எலெக்ட்ரானையும் சேர்த்து எண்ணினால் தொகுதி எண் அப்படியே வந்து நிற்கும். ஸ்காண்டியத்துக்கு 3, மாங்கனீசுக்கு 7, இரும்புக்கு 8. பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7 வரை போவது அதனால்தான். 1 முதல் 18 என்ற எண் வரிசைக்குப் பின்னால் இப்படி ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

இன்னும் மிச்சம் இருப்பது புள்ளி முறை. லூயிஸ் 1916ல் கொண்டுவந்தது. தனிமத்தின் குறியீட்டைச் சுற்றி வேலன்ஸ் எலெக்ட்ரான்களை மட்டும் புள்ளியாக வைப்பது. வேகமானது, அடுத்து வருகிற வேதிப் பிணைப்புப் பாடத்துக்குப் பாலம் மாதிரி. சோடியத்துக்கும் ஒரு புள்ளி, பொட்டாசியத்துக்கும் ஒரு புள்ளி என்று போடும்போது ஒரே குடும்பம் என்பது பளிச்சென்று தெரியும். ஆனால் உள்கூடுகளை அது மறைத்துவிடுவதால், இரண்டில் எது முரடு என்று புள்ளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வட்டம் போட்டுப் பழகிய பிள்ளைக்குப் புள்ளி நல்ல சுருக்கெழுத்து. வட்டமே போடாத பிள்ளைக்கு அது இன்னொரு வாய்ப்பாடு.

அப்படியானால் எதை எடுப்பது? பிள்ளையைப் பொறுத்தது, நாள்காட்டியையும் பொறுத்தது. எஸ்பிஎம் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது புதிதாக வந்து சேருகிற பிள்ளைக்குச் சாகா விதையும் சாக்கட்டியும் வேண்டாம். வாய்ப்பாட்டைக் கொடுங்கள், கூடவே ஹீலியம், அயனி, நடுத்தொகுதி என்ற மூன்று எச்சரிக்கையையும் கொடுங்கள். அதில் எனக்குக் கூச்சம் இல்லை. வருடத் தொடக்கத்திலேயே கையில் கிடைக்கிற பிள்ளைகளுக்கு இந்த வருடம் நான் வைத்திருக்கிற வரிசை வேறு. முதலில் மூட்டைக் கேள்வி, கால் மணி நேரத்துக்கு மேல் இல்லை. பிறகு வட்டம், ஆனால் இருபது தனிமமும் தரையில் வேண்டாம். லித்தியம், சோடியம், பொட்டாசியம், ஃபுளோரின், குளோரின், நியான், ஆர்கான் என்று ஏழு போதும், மற்றவை நோட்டில். வாய்ப்பாட்டை நான் சொல்லமாட்டேன். ஏழையும் போட்டு முடித்ததும் யாராவது ஒருவர் “டீச்சர், பத்தைக் கழிச்சாலே வந்துருதே!” என்று கத்தும்வரை காத்திருப்பேன். புள்ளி, பிணைப்புப் பாடம் வரும் வாரத்தில். ஆர்பிட்டாலைக் கேட்கிற பிள்ளைக்கு மட்டும் வகுப்பு முடிந்து படியில் இறங்கும்போது.

தனிப்பிள்ளையை வீட்டில் வைத்துச் சொல்லித்தருகிற அம்மா அப்பாவுக்கு இன்னும் சுலபம். சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டும் கொஞ்சம் கச்சான் கடலையும் இருந்தால் போதும். தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வகுப்பில் ஒரு தடவை எங்கள் குளோரின் எண்ணிக்கையில் கந்தகம் ஆகிவிட்டது.

வட்டம் போட்ட அன்றைக்கே அந்தப் பையன் வீட்டில் போய் அப்பாவுக்கு எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறான், தரையில் வட்டம் போட்டு. அவர் பொறுமையாகக் கேட்டாராம். அடுத்த சனிக்கிழமை அவனைக் கொண்டுவந்து விட்டவர், வண்டியை அணைக்காமல் கீழே இருந்தபடியே கேட்டார்.

“டீச்சர், நெருப்புப் பத்தாதுன்னு தம்பி சொல்லிட்டான், சரி. வெட்டுக்காயம் இருந்தா அந்த உரம் பட்டு எரியுதே, அது எந்த எலெக்ட்ரான் டீச்சர்?”

“அது உப்பு எரிச்சல்ணே. கையுறை போட்டுக்குங்க” என்றேன்.